அனல் அடித்த ஒற்றை ஷீட்

காலை 10.20.

இரண்டு பூட்டும் பூட்டினபடியே தொங்கின. ஆனால் கொட்டகைக்குள் முதல் தவணையாக வந்திருந்த எட்டு வாளிப் பெயிண்டில் இரண்டைக் காணோம்.

உதவி ஆய்வாளர் குணசுந்தரி ஜீப்பை விட்டு இறங்கும்போதே வாசலில் கூச்சல் காதைப் பிளந்தது. சோழவரம், மீஞ்சூர், வேப்பம்பட்டு என்று மூன்று பக்கத்து ஜனங்களும் கூட்டாக ஒரு நல்ல காரியத்தில் இறங்கியிருந்தார்கள். சிமெண்ட் ஷீட் வீடுகளுக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பெயிண்ட் அடிப்பது. வீடு குளிரும், கரண்டும் மிச்சம். தனித்தனியாகச் செய்தால் மூன்று கோடை இழுக்கும். ஒரே வேலைக்குழு, ஒரே சரக்கு என்றால் ஒரே கோடையில் முடியும். சரக்கு கொடுத்தவர்கள் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள்: மூன்று ஊரும் சேர்ந்திருக்கும் வரைக்கும்தான் சரக்கு. மாலை நாலு மணிக்கு அவர்களுடைய அதிகாரி வருவார். பூட்டுக்கு ஒருவராக இருக்கும் சாவிக்காரர்கள் இருவரும் சேர்ந்து கையெழுத்துப் போடாவிட்டால் மிச்ச வாளிகளும் லாரி ஏறிவிடும், அடுத்த தவணையும் வராது. இருநூறு வீடு வெந்து சாக வேண்டியதுதான்.

அந்தச் சாவிக்காரர்கள் இருவரும் சட்டையைப் பிடிக்காத குறையாக நின்றார்கள்.

"என் சாவி என் இடுப்புலயே கீது மேடம்," என்றார் சோழவரத்து விவசாயி சடையப்பன். "இவன் என் பூட்டுக்குக் கள்ளச்சாவி போட்டுக்கினான். வேற இன்னா?"

"நைட் ஷிப்ட் முடிச்சிக்கினு கும்மிடிப்பூண்டிலேர்ந்து இப்பத்தான் வரேன்," என்றார் மீஞ்சூர் ஜோசப். "கம்பெனியில கேளுங்க. இவரு கையெழுத்துப் போட்டா நான் போட மாட்டேன்."

10.45.

குணசுந்தரி உள்ளே நுழைந்தாள். போன வாரம் மாதிரிக்காக முதலில் பெயிண்ட் அடித்தது இந்தக் கொட்டகைக்குத்தான். சித்திரை வெயிலிலும் உள்ளே சுகமாக இருந்தது. அப்படியே நின்றுவிடலாம் போலத் தோன்றியது. பின்மூலைக்குப் போனாள். உச்சந்தலையில் அனல் இறங்கியது.

அண்ணாந்து பார்த்தாள். ஷீட்டுகளின் அடிப்பக்கம் எல்லாம் சாம்பல் நிறம். தலைக்கு நேர் மேலே இருந்த ஒன்று மட்டும் வெள்ளை.

"மீந்ததை எவனாவது உள்ளயும் தீட்டியிருப்பான்," என்றார் ஜோசப்.

"கூரை யார் போட்டது?"

"நாங்களேதான்," என்று சடையப்பன் அசடு வழிந்தார். "வழவழப்பு மேல வரணுமாம், சொரசொரப்பு கீழ. தெரியாம எல்லாத்தையும் மாத்திப் போட்டுட்டோம். போல்ட்டுகூட இல்ல, கல்லு வெச்சி அழுத்தி வுட்டோம். வசந்தகுமாரு பாத்துட்டு தலையில அடிச்சிக்கினான்."

வசந்தகுமார் வேலைக்குழுவின் தலைவன், வேப்பம்பட்டுக்காரன். ஷீட் போடுவதுதான் தொழில். கண் சிவந்து, ஓரமாக நின்றிருந்தான்.

"ராத்திரி எங்கே இருந்தீங்க?" என்று அவனைக் கேட்டாள்.

"ஊட்டுல மேடம். என் சம்சாரம் நர்மதாவுக்குக் கொழந்த பொறந்து பன்னெண்டு நாளு. யாரும் தூங்கல."

"என்ன வீடு?"

"ஷீட்டு ஊடுதான்."

"பெயிண்ட் முறை எப்போ?"

"லிஸ்ட்டுல நூத்தி எண்பது."

11.30.

ஏணி வைத்து ஏறினாள். தரையிலிருந்து கண்ணில் படாத பின்சரிவில், வெள்ளைக்கு நடுவே ஒரு ஷீட் மட்டும் சாம்பலாகக் கிடந்தது. தொட்டாள். சுட்டது, வழவழவென்றும் இருந்தது.

இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வந்த ஆள் கதவைத் தொடவே இல்லை. கல்லை நகர்த்தி, ஷீட்டைத் தூக்கி இறங்கியிருக்கான். வாளியைக் கயிற்றில் ஏற்றியிருக்கான். போகும்போது ஷீட்டைத் திரும்ப வெச்சதிலதான் மாட்டிக்கிட்டான். பெயிண்ட் அடிச்ச பக்கம் உள்ளே போயிடுச்சு. அதனாலதான் அதுக்குக் கீழே மட்டும் சூடு. நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தரா இருந்தா எடுத்தது எப்படியோ அப்படியே வெச்சிருப்பீங்க. இருட்டுல தடவிப் பார்த்து, வழவழப்பை மேலே திருப்பி வைக்கிறது தொழில்காரன் கை. தான் அறியாமலே செய்யும். இல்லையா வசந்தகுமார்?"



"கொழந்த ஒடம்பெல்லாம் வேர்க்குரு மேடம்," என்றான் அவன் தரையைப் பார்த்தபடி. "ஒரு வாளி அடிச்சிட்டேன், ஒண்ணு அப்டியே கீது. கேட்டிருக்கலாம். குழுத் தலைவனே மொதல்ல தன் ஊட்டுக்கு அடிச்சிக்கினான்னு பேசுவாங்களேன்னு..."

குணசுந்தரிக்கு அவன்மேல் கோபம் வரவில்லை, பாவமாகத்தான் இருந்தது. ஆனால் முடிவு அவள் கையில் இல்லை. "புகார் எழுதணுமா?" என்று சாவிக்காரர்களைக் கேட்டாள்.

சடையப்பன் ஜோசப் பக்கம் திரும்பினார். "வாய் நீண்டு போச்சுப்பா. மனசுல வெச்சிக்காத."

"வுடுங்கண்ணே," என்றார் ஜோசப். "புகாரு வேணாம் மேடம்."

மாலை 4.00.

அதிகாரி நீட்டிய தாளில் இருவரும் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். போட்ட கையோடு சடையப்பன் வசந்தகுமாரைக் கூப்பிட்டார்.

"ஒரு கோட்டு பெயிண்டு மட்டும் அடிச்சா நிக்குமா?"

"நிக்காது."

"நாளைக்கு என் ஊட்டு முற. அத நீ எடுத்துக்க, ரெண்டாவது கோட்டையும் அடிச்சிடு. நான் நூத்தி எண்பதுல வந்துக்கறேன்."