ஐந்தாவது சதுரம்

நிறம் பார்க்க மாதிரிக்கு ஐந்து சதுரம் பூசியிருப்பதாகக் கணவர் சொன்னார். வாசல் கேட்டருகே நின்று எண்ணினால் நான்குதான் இருந்தன.

அவள் மறுபடியும் எண்ணினாள். கார் ஷெட்டின் பழைய மஞ்சள் கதவில், இடமிருந்து வலமாக வெள்ளை, சாம்பல், கரும்பச்சை, நீலம். ஒவ்வொன்றும் ஒரு சாண் அகலம். ஸ்கேல் வைத்துப் பென்சில் கோடு போட்டு, கோட்டை மயிரிழைகூடத் தாண்டாமல் பூசியவை. நீலத்தை அடுத்துக் கதவில் ஒரு ஓட்டை இருந்தது. ஓட்டை வழியே செங்கல் சுவர் தெரிந்தது. அந்தக் கதவுக்குப் பின்னால் சுவர் கிடையாது, கார் நிற்கும் இடம்தான் என்று அவளுக்குத் தெரியும். இருந்தும் சிவப்புச் செங்கலும் வெளுத்த சாந்தும் தெளிவாகத் தெரிந்தன.

"ஓட்டை இல்லம்மா. அதுதான் அஞ்சாவது. கிட்டப் போய்த் தொட்டுப் பாரு" என்றார் கணவர்.

தொட்டாள். வழுவழுவென்று தகரம்.

"சாந்துக் கோடும் நான்தான் போட்டேன். வீட்டோட கலர்லயே அடிச்சிட்டா கண்ணு அதுல நிக்காது. தாண்டிப் போயிடும். எத்தனை பேர் பார்த்தாலும் அங்க ஒரு கதவு இருக்கிறதே தெரியாது."

அவர் கட்டட நிறுவனம் ஒன்றில் வரைபடம் வரைபவர். வேலையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. வீட்டிலும் அதிர்ந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். "இன்னைக்குள்ள ஒரு முடிவுக்கு வா. ஞாயித்துக்கிழமை அடிச்சிடலாம்" என்று சொல்லிவிட்டு, சமையலறை ரேடியோவை ஓடவிட்டபடியே அலுவலகம் கிளம்பினார். வீடு ஓவென்று கிடக்கக் கூடாது என்பார். நான்கு வருடமாக அந்த ரேடியோ நின்றதே இல்லை.

நான்கு வருடமாகத்தான் அவளும் இப்படி. உட்கார் என்றால் உட்கார்வாள், சாப்பிடு என்றால் சாப்பிடுவாள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக் கணவர் தினமும் தண்ணீரோடு கையில் கொடுப்பார், விழுங்குவாள். அடுப்பில் விரல் பட்டால்கூட சூடு ஒரு நொடி தாமதமாகத்தான் வந்து சேரும். மரத்துப்போன உடம்பை இழுத்துக்கொண்டு அலையும் அவளுக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு விஷயம் மட்டும் மரத்துப்போகவில்லை. அது அந்த மஞ்சள்.

மஞ்சளை அடித்தவன் அவளுடைய தம்பி. இருபத்திரண்டு வயசு, அவர்களோடுதான் இருந்தான். சின்ன வயதிலிருந்தே எல்லோருக்கும் அவன் வாலு. தெருவில் இருபத்தாறு வீடுகள், இருபத்தாறும் ஒரே செங்கல், ஒரே உயரம், ஒரே கூரை. நண்பர்களோடு சுற்றிவிட்டு இருட்டில் வந்தால் அடுத்த வீட்டுப் பூட்டில் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருப்பான். மாமாவை எழுப்பாமல் அக்காவை மட்டும் எழுப்ப, சமையலறைக் கதவில் நகத்தால் இரண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னொரு தட்டு. அது அவனுடைய கணக்கு. ஒருநாள் யாரையும் கேட்காமல் ஷெட் கதவு முழுவதும் மஞ்சள் பூசிவிட்டு, நகக்கண்ணெல்லாம் மஞ்சளாக வந்து நின்றான். "இனி கண்ணை மூடிக்கிட்டு வந்தாலும் வீடு தெரியும்க்கா" என்றான். "மாமா ஸ்கேலோட வந்து அளக்கப் போறாரு, ஓடி ஒளிஞ்சுக்கோ" என்று சிரித்தாள் அவள்.

மாமா அளக்கவில்லை. வடிந்து காய்ந்திருந்த மஞ்சளை வெகுநேரம் பார்த்தார். "உன்னை யார் கேட்டா?" என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். மறுநாள் காலை வாலுவும் இல்லை, அவன் பையும் செருப்பும் இல்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டான், வளர்ந்த பையன், தானாக வருவான் என்றார்கள் போலீஸில். அவள் படுத்த படுக்கையானாள்.

அந்த மஞ்சளை அப்படியே விட்டுவைத்தாரே என்று கணவர் மேல் அவளுக்கு அப்போது நன்றிதான் வந்தது. இப்போது அது பொரிந்து உதிர்கிறது. கதவு செங்கல் நிறமாகிவிட்டால், திரும்பி வருகிறவன் எதை வைத்து வீட்டைக் கண்டுபிடிப்பான்? தெருவில் நின்று பார்த்துவிட்டு அப்படியே போய்விட்டால்? இதை நினைத்தபோது மட்டும் நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது. கதவிலிருந்து ஒரு மஞ்சள் பொருக்கை நகத்தால் பெயர்த்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பல மாதங்களுக்குப் பிறகு தனியாகக் கடைத்தெருவுக்கு நடந்தாள்.

பெயின்ட் கடையில் டர்பென்டைன் வாசனை தொண்டை வரை இறங்கியது. கலவை இயந்திரம் ஒரு டின்னைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது.

"போன் நம்பர் சொல்லுங்கம்மா, பழசு இருந்தா கம்ப்யூட்டர்லயே கிடைக்கும்" என்றார் கடைக்காரர்.

கணவரின் எண்ணைச் சொன்னாள்.

"மஞ்சள் இல்லையே. செங்கல் சிவப்புதான் இருக்கு. நாலு வருஷமா, வருஷத்துக்கு ஒரு லிட்டர், அதுவும் இதே மாசம். அட, நம்ம படம் வரையற சார் வீடா? முதல் தடவை ஒரு செங்கல் துண்டைக் கொண்டுவந்து, இதுல நூல் பிசகாம வேணும்னாரே, அவர்தானே?"

"வருஷா வருஷம் எதுக்கு?"

"அதைத்தான் நானும் கேட்டேன். ஷெட்டுக்குள்ள ஏதோ சின்னக் கதவாம், இடுக்குல வெடிப்பு விடுதாம். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சார், மூடியே கிடக்கிற கதவுல அடிச்சா நம்ம பெயின்ட் பத்து வருஷம் நிக்கும், இடுக்குல வெடிக்குதுன்னா கதவு அசையுதுன்னு அர்த்தம், வீட்ல யார் திறக்கறாங்கன்னு பாருங்கன்னேன்." அவர் சிரித்தார். "யாரும் திறக்கலை, ஸ்க்ரூ போட்டு அடைச்சதுன்னாரு. அப்புறம் என் பெயின்ட்தான் மட்டம்னு ஆச்சு. என்னம்மா, வீட்டுக்காரம்மா உங்களுக்குத் தெரியாததா?"

அவள் மஞ்சள் டின்னை வாங்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் செங்கல், செங்கல், செங்கல். ஷெட்டுக்குள் சின்னக் கதவு ஒன்று இருந்தது உண்மைதான். மாடிப்படிக்கு அடியில் சாமான் போட்டுவைக்கும் பொந்து மாதிரி ஒரு அறை, ஆள் குனிந்து நுழைய வேண்டும். அவள் படுக்கையில் கிடந்த வாரத்தில் எலித் தொல்லை என்று அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டதாகக் கணவர் சொல்லியிருந்தார். எழுந்து நடமாட ஆரம்பித்தபோது பார்த்தாள். சுவர்தான் இருந்தது. கண்ணால் பார்த்ததற்கு மேல் யார் தட்டிப் பார்க்கப் போகிறார்கள்?

வீட்டில் ரேடியோ யாருக்காகவோ பாடிக்கொண்டிருந்தது. டின்னை மேடையில் வைத்தாள். சமையலறையிலிருந்து ஷெட்டுக்குள் இறங்கும் கதவைத் திறந்தாள். மோட்டார் எண்ணெயும் பழைய ரப்பரும் ஈரச் சிமென்ட்டும் கலந்த வாசனை. மேலே இருந்த சின்னச் சன்னல் வழியாக வந்த மதிய வெயில் பின்சுவரில் சாய்வாக விழுந்து, ஒவ்வொரு செங்கலின் சொரசொரப்பையும் குழியையும் நிழல் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. சுவரின் ஒரு மூலையில் மட்டும் நிழல் இல்லை.

அவள் அங்கேயே நின்று பார்த்தாள். சாந்துக் கோடுகள் கொத்தனார் கையில் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். அந்த மூலையில் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவள் இடுப்புயரம் வரை, ஸ்கேல் வைத்த மாதிரி நேராக இருந்தன.

குனிந்து உள்ளங்கையை வைத்தாள். செங்கல் சில்லென்றிருக்கும். இது சில்லென்று இல்லை.

மரம்.

விரலால் ஓரத்தைத் தடவினாள். ஆறு ஸ்க்ரூத் தலைகள், ஆறின் மேலும் பெயின்ட் உடையாமல் இருந்தது. யாரும் திறக்கவில்லை. ஆனால் இடுக்கு நெடுக வெடிப்பு ஓடியது. கீழே தரையில் சிவப்புத் தூள்.

அந்தத் தூளை அவளுக்குத் தெரியும். சனிக்கிழமை தோறும் முறத்தில் அள்ளிக் கொட்டுகிறாள். பழைய செங்கல் உதிர்கிறது என்று நினைத்திருந்தாள். நாலு வருடம். இருநூறு சனிக்கிழமை.

போய் ரேடியோவை நிறுத்தினாள். திரும்பி வந்தாள்.

வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்பதே மறந்திருந்தது. மண்டியிட்டாள். காதை வைத்தாள். ஒன்றுமில்லை. தன் மூச்சுதான். நகத்தால் தட்டினாள். இரண்டு. பொறுத்து, ஒன்று.

ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை.

டக் டக்.

டக்.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாள் என்று தெரியாது. முழங்காலில் உணர்வில்லை. பின்னால் படியில் செருப்புச் சத்தம். கணவர் மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார்.

"ரேடியோ ஏன் நின்னு போச்சு?" என்றார்.

அவள் திரும்பவில்லை. "உள்ள வாலு இருக்கான்."

"எலிம்மா."

"எலி கணக்கு வச்சுத் தட்டுமா?"

அலமாரியில் எதையோ தேடினார். பக்கத்தில் வந்து, பேன்ட் அழுக்காகாமல் இருக்கக் காகிதம் விரித்து உட்கார்ந்தார். ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவர். மறு கையில் பிரஷ். கால் பக்கத்தில் அந்தச் சிவப்பு டின்.

"நான் உன்னைக் கட்டாயப்படுத்தலை" என்றார் தணிந்த குரலில். "திறந்தா, நாலு வருஷம் கழிச்சு உள்ள என்ன இருக்கும்னு உனக்கே தெரியும். பார்க்கணும். பார்த்துட்டா அவன் இனி வரமாட்டான். மூடியே இருந்தா அவன் எங்கயோ நல்லா இருக்கான், ஒருநாள் தெருவுல வந்து நிப்பான். எது வேணும்னு நீயே சொல்லு. கலர் எடுக்கிற மாதிரிதான்."

"தட்டுதே" என்றாள்.

"தட்டும். இந்த மாசம் கொஞ்சம் அதிகமாத் தட்டும்."

மாத்திரையை நீட்டினார். அவள் விழுங்கினாள். அழ வேண்டும் என்று தோன்றியது. அழுகை தூரத்தில் யாரோ ஒருத்தியுடையதாக இருந்தது. தெருக்கோடியில் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மஞ்சளைப் பார்த்ததும் சிரித்தபடி நடந்து வரும் ஒருவன் தெரிந்தான். நான்கு வருடமாக தினமும் வருகிறான். அவனை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?

கை நீண்டது. எதை எடுத்தது என்று அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிரஷ்.

"நல்ல பொண்ணு" என்றார் கணவர். "வெளிக்கதவுக்கு உன் மஞ்சளே இருக்கட்டும். எனக்கு ஆட்சேபணை இல்லை."

அவர் டின்னைப் பிடித்துக்கொண்டார். அவள் இடுக்கின் மேல் நெடுகப் பூசினாள். பிரஷ்ஷின் மயிருக்கு அடியில் மரம் ஒருமுறை மெல்ல வெளியே தள்ளியது, மறுபடி உள்ளே போனது. கை நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஷெட் கதவு மஞ்சளானது. தெருக்கோடியில் நின்றாலும் பளிச்சென்று தெரிந்தது. எதிர் வீட்டுக்காரர் கூட, "இனி உங்க வீட்டுக்கு வழி கேட்க வேண்டியதே இல்லை" என்றார். அவள் சிரித்தாள்.

அடுத்த சனிக்கிழமை ஷெட்டைப் பெருக்கினாள். மூலையில் சிவப்புத் தூள் இருந்தது. முறத்தில் அள்ளி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தபோது தூளுக்கு நடுவே ஏதோ வெளுப்பாகக் கிடந்தது. விரலால் ஒதுக்கிப் பார்த்தாள்.

முழு நகம். அதன் ஓரத்தில், காய்ந்த மஞ்சள்.

பின்னால் இரண்டு தட்டு கேட்டது. மூன்றாவது வருவதற்குள் அவள் சமையலறைக்குப் போய் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.