மழை காணாத ஊரின் செங்கல்

நோட்டன் பிரிட்ஜில் மூன்று வாரமாக மழை. கடிகாரப் பழுதோடு ஊர்த் துப்பும் பார்க்கும் வைரவன் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாச் சமையல்காரன் மூக்கன் நனைந்தபடி கடைக்குள் வந்தான். துப்பு என்றால் தபாலையே மறந்துவிடும் தபால்காரர் அழகுமுத்து பையை இறக்கி வைத்தார்.

"துரையோட செங்கல்லு களவு போச்சுங்க. நாளைக்குள்ள வரலேன்னா எனக்குப் பத்துச்சீட்டு. வேலையும் போயிரும், குடியிருக்கிற லயத்துக் காம்பராவும் போயிரும்."

பாலைவனத்தில் புதைந்த ஒரு பழைய ஊரை யுத்த காலத்தில் துரை தோண்டினாராம். அரச முத்திரை பதித்த அந்தச் செங்கல் அங்கிருந்து வந்தது. அதைப் பற்றி அவர் பேச வாயெடுத்தால் கிளப்பில் பாதிப் பேருக்கு வீட்டு ஞாபகம் வந்துவிடும்.

"காலையில என்ன பாத்த?" என்றார் வைரவன்.

"அலமாரி காலியா கெடந்துச்சுங்க. முன்படியில யாரோ சேத்துக் காலோட ஏறியிருந்தாங்க. கழுவி விட்டேன்."

"திருடன் தடத்தையே கழுவிட்டியேப்பா" என்று அழகுமுத்து தலையில் கைவைத்தார்.

பங்களாக் கடிகாரத்தைப் பார்க்கும் சாக்கில் இருவரும் போனார்கள். முன்படிக்குக் கீழே, தண்ணீர் ஓடும் கானில் வைரவன் குனிந்து பார்த்தார். மூன்று வைக்கோல் துணுக்குகள் ஒட்டிக் கிடந்தன.

உள்ளே துரை தனது தோட்டத்துத் தமிழில் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். "அந்த ஊர் மழை இல்லே. மண்ணு, வைக்கோல் சேத்து மிதிச்சு, வெயில் காயவச்ச கல்லு. மூவாயிரம் வருஷம் நிக்குது."

"படம் எடுத்தீங்களா, துரை?" என்று கேட்டார் வைரவன்.

"நேத்துப் பின்னேரம். விருந்தாளி வந்தது, மழை கொஞ்சம் விட்டுச்சு. வெளிச்சம் வேணும். முன்படி மேலே வச்சு..." துரை நிறுத்திக்கொண்டார்.

"பொறவு விருந்தாளிகளோட உள்ள போயிட்டீங்க" என்றார் வைரவன் அலுப்போடு. "மழை வந்துச்சு. சுடாத கல்லுங்க, கரைஞ்சு போச்சு. மூக்கன் படியில கழுவுன சேறு அதுதான். தேயிலைத் தோட்டத்துல வைக்கோலு ஏது? உங்க கானுல கெடக்கு. அங்க மூவாயிரம் வருஷம் நின்னது, நம்ம மழைக்கு ஒரு ராத்திரி தாங்கல."

"அப்ப திருடன்?" அழகுமுத்துவின் முகம் தொங்கிப்போயிற்று.

"மழைதான். அதுக்குப் பத்துச்சீட்டு எழுத முடியாது."

துரை மேசையில் எழுதி வைத்திருந்த பத்துச்சீட்டைக் கிழித்தார். மன்னிப்பு என்ற சொல் அவர் கற்ற தமிழில் இல்லை.

மறுவாரம் கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கப் போன வைரவன், அலமாரியில் ஒரு போத்தலைக் கண்டார். உள்ளே செக்கச்செவேலென்று மண், அதில் மூன்று வைக்கோல் துணுக்குகள். மேலே, ‘மூவாயிரம் ஆண்டு அரண்மனை மண்' என்று ஒரு சீட்டு.

"எல்லாத்தையும் கழுவிட்டேன்னியே?"

மூக்கன் போத்தலை ஈரமில்லாத துணியால் துடைத்தான். "இது ரோஜாப் பாத்தி மண்ணுங்க. நான்தான் அள்ளிக் குடுத்தேன். வைக்கோலு மட்டும் அசலுங்க. துரையே கானுல குனிஞ்சு பொறுக்கினாரு."