செத்தவன் சிரிக்கணும்

“செத்தவருக்கு என்னங்க சிரிப்பு? அதுவும் அந்த உடைஞ்ச பல்லை வெச்சுக்கிட்டு...”

தமயந்தி இதை மைக்கில் சொன்னாள். மூடிக்கிடக்கும் அந்த வடசென்னை மில்லில் தகரக் கூரைக்கும் கேட்டிருக்கும். சொன்ன கையோடு “கட்... கட்” என்றும் கத்திவிட்டாள். கேமரா நின்றது. லாரித் தண்ணீரில் பெய்துகொண்டிருந்த மழையும் நின்றது. நூறு பேர் இருந்த இடத்தில் சொட்டு விழும் சத்தம் மட்டும்.

தரையில் பிணமாகக் கிடந்தவன் மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். சட்டையெல்லாம் சேறு, முகமெல்லாம் சேறு. அதற்கு நடுவில் இரண்டு கண்கள்... அவளைத் திட்டவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. சும்மா பார்த்தன. பார்த்துவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டான்.

‘நான் என்ன தப்பு சொன்னேன்?’ தமயந்திக்குப் புரியவில்லை.

எப்படிப் புரியும்? மூன்று வருஷமாகச் செய்திப் படங்கள் எடுத்தவள். சாக்கடைத் தொட்டியில் இறங்கி மூச்சுமுட்டிச் செத்தவர்களைப் பற்றி அவள் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இயக்குநர் அவளைக் கூப்பிட்டு உதவி இயக்குநர் ஆக்கினார். ‘நாலாவது மூடி’ என்று இந்தப் புதுப் படத்துக்குப் பெயர். அடிதடி உண்டு, துரத்தல் உண்டு, கடைசியில் இனி ஒரு மனுஷனும் அந்தக் குழிக்குள் இறங்கக் கூடாது என்ற சேதியும் உண்டு. அன்றைக்குத் திங்கட்கிழமை, சினிமாவில் அவளுக்கு மூன்றாவது நாள்.

லைட்மேன்கள் ஆளுக்கொரு பக்கமாக வந்து சொல்லிக்கொடுத்தார்கள். சினிமாவில் செத்துப்போகிறவர் யாராக இருந்தாலும், காட்சி முடிந்ததும் கண்ணைத் திறந்து கேமராவைப் பார்த்துச் சிரித்தாக வேண்டுமாம். அதற்கப்புறம்தான் கேமராவை நிறுத்துவார்களாம். சிரித்துவிட்டால் அந்தச் சாவு ஃபிலிமோடு போய்விடும். சிரிக்காவிட்டால் ஆளோடு வீட்டுக்குப் போகும்.

அந்தச் சிரிப்பைத்தான் அவள் பாதியில் நறுக்கியிருந்தாள். ஊர் கேட்கப் பல்லையும் சொல்லிக்காட்டியிருந்தாள்.

சிரிக்க இருந்தவன் பெயர் மாசிலாமணி. வடபழனிக்காரன், சண்டைக் கலைஞன். எட்டு வருஷமாகப் பெரிய பெரிய நாயகர்களுக்குப் பதிலாக விழுந்து எழுந்தவன். முகம் மட்டும் யாருக்கும் தெரியாது. வெள்ளிக்கிழமை மில்லின் தண்ணீர்த் தொட்டி உச்சியிலிருந்து குதிக்கும் காட்சி இருந்தது. அது சரியாக வந்தால் அடுத்த படத்தில் அவன்தான் உதவி ஸ்டன்ட் மாஸ்டர் என்று மாஸ்டர் வாக்குக் கொடுத்திருந்தார். இப்போது அவரே கையை விரித்துவிட்டார். சிரிப்பை எடுக்காமல் அவன் இடுப்பில் கயிறு கட்ட மாட்டாராம். வேறு பையனை ஏற்றிவிடுவாராம்.

இயக்குநர் தமயந்தியைக் கூப்பிட்டார். “நீ கெடுத்தே. வியாழக்கிழமைக்குள்ள நீயே அந்தச் சிரிப்பை வாங்கிட்டு வா. இல்லைன்னா திரும்ப செய்திப் படம் எடுக்கப் போயிடும்மா.”

சிரிப்பை எந்தக் கடையில் வாங்குவது?

செவ்வாய்க்கிழமை நான்கு மணிக்குப் போனாள். சண்டைக்காரர்கள் விழுவதற்காக அடுக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளின் மேல் அவன் உட்கார்ந்திருந்தான். அதே சேற்றுச் சட்டை. பக்கத்தில் கேமராமேன், தயாராக. தமயந்தி முறையாக மன்னிப்புக் கேட்டாள். மன்னித்துவிட்டதாகச் சொன்னான். அப்படியானால் சிரிக்கலாமே என்றாள். வரவில்லையே மேடம் என்றான், ரொம்ப வருத்தமாக. நோட்டில் எழுதிவந்த பதினோரு ஜோக்கையும் படித்துக் காட்டினாள். கேமராமேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாசிலாமணி மட்டும் பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்த மாதிரி இருந்தான்.

ஆனால் அந்தக் கண்கள்... அவை மட்டும் கொஞ்சம் சிரித்தனவோ?

‘சீ, சேறு காய்ஞ்சு இழுக்குது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் சாப்பிடும்போதே அவள் கண் கடிகாரத்துக்குப் போய்ப் போய் வந்தது. வேலைக்காகத்தான் என்று நினைத்துக்கொண்டாள். வேலைக்காக யாராவது முகம் கழுவிப் பொட்டைச் சரிசெய்துகொண்டு போவார்களா? அவள் போனாள். கையில் இரண்டு மசால் வடையும் கொண்டுபோனாள்.

அன்றைக்கு அவள் இயக்குநர் மாதிரி நடந்து காட்டினாள், தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு. அவன் வடையைத் தின்றான். பல் எப்படி உடைந்தது என்று கேட்டாள்.

“ஒரு பெரிய ஹீரோ என்னை மெதுவா அடிச்சாருங்க.”

“மெதுவாவா?”

“அவருக்கு மெதுவா. அப்புறம் அவரே தேடிட்டு வந்து பல்லை எடுத்துக் குடுத்தாரு. நல்ல மனுஷன்.”

தமயந்தி சிரித்தாள். அடக்க முடியாமல், அட்டைப்பெட்டியில் சாய்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். நிமிர்ந்தபோது அவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். உதடு துடித்தது... துடித்து... அவசரமாக வடையைக் கடித்துக்கொண்டான்.

அவள் பார்த்துவிட்டாள்.

“இருங்க. உங்களுக்குச் சிரிப்பு வருது.”

“இல்லைங்க.”

“வருது. அடக்குறீங்க.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். காது மடல் சிவந்ததைச் சேறுகூட மறைக்கவில்லை. “நேத்தே வந்துடுச்சுங்க. மூணாவது ஜோக்குலயே. சிரிச்சிட்டா ஷாட் ஓகே ஆயிடும்... நீங்க நோட்டைத் தூக்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் எதுக்கு நாலு மணிக்கு இங்க வரப்போறீங்க?”

வேறொரு நேரமாயிருந்தால் அந்தப் பேச்சுக்கு அவள் உருகியிருப்பாள். இப்போது வந்தது கோபம். பொய்க்கோபம் இல்லை, மெய்யாகவே. தான் இரண்டு நாளாகத் தூங்கவில்லை, வேலை ஊசலாடுகிறது, எட்டு வருஷம் அவன் காத்திருந்த குதிப்பே கைமாறப் பார்க்கிறது... இதெல்லாம் அவனுக்கு விளையாட்டா என்று கேட்டாள். அவன் வாயைத் திறக்குமுன் போய்விட்டாள். இனிமேல் இந்த ஆளோடு பேசுவதில்லை என்று வைராக்கியம் வேறு.

வியாழக்கிழமை நிஜ மழை பிடித்துக்கொண்டது. லாரி மழைக்குத் தாளம் தெரியும், இதற்குத் தெரியவில்லை. தகரத்தில் கொட்டியது, ஜன்னல் வழியே சாய்ந்தது, அடங்கி மறுபடி ஆரம்பித்தது. படப்பிடிப்பு நின்றது. தமயந்தி ஓடிப்போய்த் தார்ப்பாய்க்குக் கீழே ஒதுங்கினாள். கூட்டக் காட்சிக்காகத் திங்கட்கிழமை முதலே அந்தப் பக்கத்துத் துப்புரவுப் பணியாளர்கள் சிலரை அழைத்து வந்திருந்தார்கள். அவர்களில் கன்னியம்மா என்ற நடுவயதுப் பெண்பிள்ளை நகர்ந்து இடம் கொடுத்தாள்.

“அந்தத் தம்பி சிரிச்சிட்டாராம்மா?”

தமயந்திக்கு எரிச்சல். ஊரே கேட்கும் கேள்வி. இன்னும் இல்லை, அவ்வளவு அவசரமா என்றாள்.

கன்னியம்மா மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “எங்க வூட்டுக்காரு கல்யாண மண்டபத்து கக்கூஸ் டாங்கில எறங்குனவருதாம்மா. மூணு வருசமாச்சு. அந்தத் தம்பியும் அவரு மாதிரியே கெடந்துச்சு... ஒரு கை மடங்கி. அங்க நிக்க முடியாம கெளம்பப் பார்த்தேன். பக்கத்துல லைட்டு புடிக்கிறவரு சொன்னாரு, இரும்மா, இப்போ எழுந்து சிரிப்பாரு பாருன்னு. சரி, அதைப் பார்த்துட்டுப் போவலாம்னு நின்னேன். இன்னும் நின்னுக்கினே கீறேன்.”

தமயந்தி இந்த மாதிரிப் பெண்கள் அழுவதை எத்தனை மணி நேரம் படம் பிடித்திருப்பாள்... கடைசியில் அவர்களுக்குப் பார்க்க என்ன ஆசை என்று ஒருத்தியிடமாவது கேட்டிருப்பாளா? மூட நம்பிக்கை என்று நான்கு நாளாக மனசுக்குள் சிரித்துக்கொண்டிருந்தது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

மழையிலேயே நடந்தாள். அட்டைப்பெட்டிகளின் மேல் அவன் தார்ப்பாய் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் ஏதோ சொல்ல வந்தான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். கன்னியம்மா சொன்னதை, ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல், அப்படியே சொன்னாள்.

மாசிலாமணி முடிச்சை விட்டுவிட்டான். நனைந்த சேற்றுச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான். “அந்தக்கா கேமரா பக்கத்துல நிக்கட்டும்” என்றான்.

அரை மணியில் எல்லாம் தயார். அதே இடத்தில், அதே மாதிரி ஒரு கை மடங்கிக் கிடந்தான். இயக்குநர் தலையசைத்தார். கேமரா ஓடியது. இந்தத் தடவை தமயந்தியின் மைக் அணைந்திருந்தது. அவள் உதட்டைக்கூடப் பிரிக்கவில்லை.

அவன் கண்ணைத் திறந்தான். எழுந்து உட்கார்ந்தான். லென்ஸைப் பார்த்து, பிறகு அதற்குப் பக்கத்தில் நின்ற கன்னியம்மாவைப் பார்த்து, அந்த உடைந்த பல் முழுசாகத் தெரியச் சிரித்தான்.

கன்னியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முந்தானையை எடுத்தபோது அவளும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“எழுந்துட்டான் பாரு, கயிதே... போய் ஏதாச்சும் சாப்புடு போ.”

மாஸ்டர் கயிற்றுச் சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். படப்பிடிப்பு முடிந்து எல்லோரும் கலையும்போது மாசிலாமணி தமயந்தி பக்கம் திரும்பவே இல்லை. வெட்கமா, மரியாதையா... அவளுக்குத் தெரியவில்லை. அவளும் நோட்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அவன் சொன்ன மாதிரியே ஆகிவிட்டதே என்று பாதி வழியில்தான் உறைத்தது.

வெள்ளிக்கிழமை பகல் பதினோரு மணி. வானம் வெளுத்திருந்தது. மாஸ்டர் தன் கையால் இடுப்பில் கயிறு கட்டி ஏற்றிவிட்ட மாசிலாமணி, தொட்டி உச்சியில் விரல் உயரம் தெரிந்தான். கீழே அட்டைப்பெட்டிகள், அதன் மேல் மெத்தைகள். இயக்குநர் வாக்கி-டாக்கியைத் தமயந்தியிடம் நீட்டி, நீயே ஆரம்பித்துவை என்றார்.

அவள் வாங்கிக்கொண்டாள். ‘ஆக்‌ஷன்’ என்று தன் வாயால் சொன்னால் அவன் அங்கிருந்து குதிப்பான். நான்கு நாளுக்கு முன்னால் இது வெறும் சொல்லாக இருந்தது.

“மேடம், நான் ரெடி” என்று அவன் குரல் கரகரத்தது. “லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன்.” “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். கீழே வந்ததும் சொல்றேன்.”

“இப்பவே சொல்லிடுங்க. வர்ற வழியில யோசிச்சுக்கிட்டே வரேன்.”

எத்தனை பேர் கையில் அதே மாதிரிக் கருவி இருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

“சிரிப்பு வாங்கியாச்சு. ஆனாலும் நாலு மணிக்கு வருவேன். நாளைக்கும் வருவேன், படம் முடிஞ்சாலும் வருவேன். கோபமா வந்தாலும் வருவேன்... என் மேல விருப்பம் இருந்தா பத்திரமா வந்து சேருங்க.”

கரகர சத்தம் மட்டும். பிறகு மாஸ்டரின் குரல் குறுக்கே புகுந்தது. “டேய் மாசிலாமணி, முதல்ல காலை வெக்கிற இடத்தைப் பாருடா. மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்.”

இயக்குநர் சூரியனைக் காட்டி அவசரப்படுத்தினார். தமயந்தி கண்ணை மூடவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, “ஆக்‌ஷன்” என்றாள்.

ஒரு கரிய புள்ளி வானத்திலிருந்து பிரிந்தது. கைகள் விரிந்தன. சுருண்டு, புரண்டு, முதுகு கீழாகத் திரும்பி... அட்டைப்பெட்டிகள் வெடித்த சத்தத்தில் புறாக்கள் எல்லாம் கூரையை விட்டுப் பறந்தன.

பெட்டிக் குவியலுக்குள்ளிருந்து ஒரு கை மட்டும் உயர்ந்து கட்டைவிரலைக் காட்டியது. மாஸ்டர் விசிலடித்தார். கைதட்டல் மில்லையே தூக்கியது. அவனோ யாரையும் பார்க்காமல் நேராக அவளிடம் வந்தான். தலையில் அட்டைத் துண்டு, முழங்கையில் சிராய்ப்பு.

“மேல காத்து அதிகங்க. நீங்க சொன்னது பாதிதான் கேட்டுது...” என்றான். “ஒன் மோர் போலாமா?”

அவள் கையை நீட்டி அவன் தலைமுடியிலிருந்த அட்டைத் துண்டை எடுத்தாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கட்டும்.

“ஒன் மோர் எல்லாம் கிடையாது” என்றாள் தமயந்தி. “முதல் டேக்கே ஓகே.”