தட்டு வைக்காத பெயர்

லா பாஸ் நகரத்தில் எந்தத் தெருவானாலும் மேடுதான். கேபிள் காரிலிருந்து இறங்கி, முதுகில் மூட்டையோடு அந்தச் சந்தில் ஏறியபோது மைராவுக்கு மூச்சு வாங்கியது. முன்னால் போன லௌதாரோ நின்று திரும்பிப் பார்த்தான். நீ போ என்று அவள் கையை ஆட்டினாள். கணவன் மனைவி இருவரும் அர்ஜென்டினாக்காரர்கள். வீட்டைப் பூட்டிவிட்டு, ஆளுக்கொரு பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பி மாதக்கணக்காகிறது. அறைச் சுவர் பழகிப்போகிற அளவுக்கு எந்த ஊரிலும் தங்குவதில்லை. பழகினால் பேச்சு வரும். பேச்சு வந்தால் குழந்தையின் பெயர் வந்துவிடும்.

அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது என்று யாரும் முடிவு செய்யவில்லை. அதுவாக நின்றுபோனது. மைராவின் அழுகையும் அப்படித்தான் நின்றது. குழந்தையைப் புதைத்த அன்று அவளுக்கு இருந்த ஒரே கவலை, இரவல் செருப்பு காலைக் கடிக்கிறதே என்பதுதான். அதற்குப் பிறகு அந்தக் கவலைகூட இல்லை. மனசு மரத்துப்போச்சு என்று சும்மா பேச்சுக்குச் சொல்வோமே, அவளுக்கு அது நிஜமாகவே நடந்திருந்தது.

அறை வாடகைக்கு விடும் பெத்ரோனிலா மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். பருத்த உடம்பு, அகலப் பாவாடை, இரட்டைச் சடை.

"நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்கீங்க. இன்னைக்கு ஆத்துமாக்கள் வர்ற நாள். மத்தியானம் மணி அடிச்சா எங்க வீட்டுக்காரர் வந்துருவார்."

"வேலைக்குப் போயிருக்காரா?" என்றான் லௌதாரோ.

"செத்துப் போயிருக்கார் தம்பி. உசுரோட இருந்தப்ப ஒருநாளும் சொன்ன நேரத்துக்கு வீட்டுக்கு வந்ததில்ல. இப்பத்தான் ஒழுங்கா வர்றார்."

முன்னறையில் ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கறுப்புத் துணி விரித்த மேசையில் மெழுகுவர்த்திகள் எரிந்தன. உருகிய மெழுகும் வதக்கிய வெங்காயமும் பூவும் கலந்த வாசனை தொண்டையை அடைத்தது. நடுவில் ரொட்டியாலேயே செய்த ஏணி. அதைச் சுற்றி, துணியில் சுற்றிய கைக்குழந்தை வடிவத்தில் ரொட்டிகள். ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பில் செய்த சின்ன முகம் பதித்திருந்தது. கண்ணெல்லாம் திறந்திருந்தது.

மைரா அந்த முகங்களைப் பார்த்தாள். ஒன்றும் தோன்றவில்லை.

"வந்தவங்க ஒரு செபம் சொல்லுங்க. செபத்துக்கு ஒரு ரொட்டி, அதான் வழக்கம்," என்றாள் பெத்ரோனிலா. "அவர் பேரு ஃபெர்மின். பேரச் சொல்லித்தான் கூப்பிடணும். யார் பேரச் சொல்றோமோ அவங்கதான் ஏணியில இறங்கி வருவாங்க."

காலையிலிருந்து வெறும் வயிறு. லௌதாரோ உடனே முழங்காலிட்டான். பரலோக மந்திரத்தைத் தடங்கலில்லாமல் சொன்னான். பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினான். கோயில் மணி அடிக்கத் தொடங்கியது.

"ஆல்பா," என்றான்.

மணி ஓய்ந்தது.

"யாரு அது?" என்றாள் பெத்ரோனிலா.

லௌதாரோ பேயறைந்தவன் போல முழங்காலிலேயே இருந்தான். மைரா முந்திக்கொண்டாள். "யாருமில்லம்மா. வாய் தவறிருச்சு."

பெத்ரோனிலா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரொட்டியைப் பிய்த்துக் கொடுத்தாள்.

மாடியறையில் இரண்டு கட்டிலும் ஒரு நாற்காலியும் இருந்தன. பிற்பகலில் வானம் கறுத்தது. தகரக்கூரையில் ஆலங்கட்டி மழை சடசடவென்று கொட்டியது, பேசினால் காதில் விழாத அளவுக்கு. கொட்டித் தீர்த்துவிட்டுச் சட்டென்று நின்றது.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

மெல்லிய சத்தம். ஈரமான சத்தம். எதையோ சப்பிவிட்டு, மூச்சு வாங்கி, மறுபடி சப்புகிற சத்தம்.

அது கீழே முன்னறையிலிருந்து வந்தது. பிறகு படியிலிருந்து வந்தது. பிறகு கட்டிலுக்கு அடியிலிருந்து.

அறையில் பால் பொங்கிக் காய்ந்த வாசனை பரவியது.

"கேக்குதா?" என்றான் லௌதாரோ, குரலே எழாமல்.

"கேக்குது."

"பயமா இல்லையா உனக்கு?"

மைரா தனக்குள் தேடிப் பார்த்தாள். "இல்ல. எதுவுமே இல்ல."

அவள் அப்படிச் சொன்னதுதான் அவனை உலுக்கியது. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். கட்டிலுக்கு அடியில் சத்தம் நின்றது. அவன் அழுவதை அது கவனித்துக் கேட்பது போலிருந்தது.

பெத்ரோனிலா படியேறி வந்தாள். கையில் குழந்தை ரொட்டி ஒன்று. ஒரு பக்கம் ஊறிக் கூழாகியிருந்தது. சுண்ணாம்பு முகம் கண்ணும் மூக்கும் கரைந்து வழுவழுவென்று இருந்தது.

"இது எங்க வீட்டுக்காரர் வேலை இல்ல. சாகும்போதுகூட அந்த மனுஷனுக்கு முப்பத்திரண்டு பல்லும் இருந்துச்சு. இது பல்லு முளைக்காத வாய். இப்பவாச்சும் சொல்லு மகளே, ஆல்பா யாரு?"

"எங்க பொண்ணு," என்றாள் மைரா.

பெத்ரோனிலா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். "அப்பவே சொல்லியிருந்தா ஒரு தட்டு வச்சிருப்பேன்ல? பச்சப்புள்ளையக் கூப்பிட்டுட்டு யாருமில்லன்னு சொல்லிட்டியே. அது பாவம், எங்க போகும்?"

பிறகு அவளே கீழே போய் மேசையின் ஓரத்தில் சின்னத் தட்டொன்று வைத்தாள். கிண்ணத்தில் பால் ஊற்றினாள். புது ரொட்டி ஒன்றும் வைத்தாள்.

"நாளைக்கு மத்தியான மணி அடிக்கிறப்ப எல்லாரையும் அனுப்பி வச்சுடணும். பெத்தவதான் சொல்லணும். 'போய்ட்டு வா கண்ணு, அடுத்த வருஷம் வா'ன்னு வாய்விட்டுச் சொல்லு. சொல்லாட்டி தங்கிடும். தங்குனா அதுக்குப் பசிக்கும்ல? பெத்தவளைத்தான் திங்கும். பச்சப்புள்ளைக்கு வேற என்ன தெரியும்?"

மறுநாள் மத்தியானம் தெரு முழுக்க மேசைகளைக் கலைக்கிற சத்தம். கோயில் மணி அடித்தது. பெத்ரோனிலா கறுப்புத் துணியின் முனையைப் பிடித்துக்கொண்டு கணவனை வழியனுப்பினாள். "கிளம்புங்க, மழை வரப்போகுது. வழியில எவன் கூப்பிட்டாலும் குடிக்கப் போகாதீங்க." சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

மைரா நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

மடி கனத்தது.

வெதுவெதுவென்று கனத்தது. ஒரு சின்னத் தலை முழங்கையின் மடிப்பில் வந்து படிந்தது, எப்போதும் படிகிற இடத்தில்.

"சொல்லு மைரா," என்றான் லௌதாரோ. "சொல்லிடும்மா."

மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. மைரா இரண்டு கையாலும் அந்தக் கனத்தை அணைத்தாள். அவள் உதடு அசைந்தது. போகாதே என்றுதான் மனதுக்குள் சொன்னாள். மணி நின்றது.

"சத்தமே கேக்கலியே," என்றாள் பெத்ரோனிலா.

"சொல்லிட்டேன்மா. மனசுக்குள்ள."

பெத்ரோனிலா மேசைத்துணியை உதறி மடித்தாள். அவர்கள் கிளம்பும்போது வாசல்வரை வரவும் இல்லை.

பேருந்து மலைநகரத்தை விட்டு விலகி, மரமே இல்லாத சமவெளியில் ஓடியது. ஜன்னல் வழியே காற்று ஊசியாகக் குத்தியது. மைராவின் மார்பில் சுருக்கென்று ஒரு வலி. பால் வற்றுவதற்காக ஊரில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடந்தவள் அவள். வற்றி எவ்வளவோ காலமாகிவிட்டது. இப்போது சட்டையின் இடது பக்கம் நனைந்தது. இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தது. உயிரே போகிற மாதிரி வலித்தது. அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

லௌதாரோ அவள் சட்டையைப் பார்த்தான். ஈரம் மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது. அதன் நிறத்தைப் பார்த்தான்.

"மைரா, அது..."

"முதல்ல பால்தான் வந்துச்சு," என்றாள் அவள், கையை விலக்காமல்.

அவன் எட்டி, அவள் பக்கத்து ஜன்னலைச் சாத்தினான். இந்தக் குளிர்காற்று குழந்தைக்கு ஆகாது.