கும்பிடும் தேவாங்கு

அந்தி சாய்ந்ததும் முத்தரசி முதலில் பார்ப்பது எண்பலகையைத்தான், காட்டை அதற்குப் பிறகுதான். திண்டுக்கல் பக்கம் கள்ளிப்பாறை மலையில் வனக்காவல் என்றால் இப்போது அதுதான் வேலை. மரங்களில் பொருத்திய வனக்கண் கேமராக்களைத் துடைக்க வேண்டும், அவற்றின் வழியே உலகத்தில் எத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எண்பலகையில் கவனிக்க வேண்டும்.

கண்கொடைச் சட்டம் வந்தபின், பார்க்க ஆளில்லாத காடு காடாக நீடிக்க முடியாது. எண்ணிக்கை எல்லைக்கோட்டுக்குக் கீழே ஒரு வாரம் கிடந்தால், அந்த நிலத்தில் சூரியத்தகடு பதித்துவிடுவார்கள். யானையும் புலியும் பிழைத்துக்கொண்டன. தேவாங்கை யார் பார்ப்பார்கள்? கிளையோடு கிளையாக உட்கார்ந்திருக்கும், ஓர் அடி எடுத்துவைக்க ஆயிரம் யோசிக்கும். "தேவாங்கு மாதிரி முழிக்காதே" என்று பிள்ளைகளைத் திட்டுவதற்கு அல்லாமல் ஊருக்கு அது வேறெதற்கும் தேவைப்பட்டதில்லை.

முத்தரசிக்குத் தேவைப்பட்டது. தரையில் இறங்கினால் வண்டியில் அடிபடும் என்று பாதைக்கு மேலே, மரத்துக்கு மரம் கயிற்றால் கொடிப்பாலம் கட்டியவள் அவள். மலையில் மிச்சமிருந்தது ஒரு தாயும் குட்டியும்தான்.

எண் சரிந்துகொண்டிருந்த ஒரு மாலையில், அவளுடைய டார்ச் வெளிச்சம் தற்செயலாகத் தாய்மீது விழுந்தது. அது நிமிர்ந்து இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கியது. பார்த்தவர்கள் உருகிப்போனார்கள். கும்பிடுகிறது என்றார்கள். 'கும்பிடுசாமி' என்று பெயர் வைத்து, அவரவர் வீட்டிலிருந்து பதிலுக்குக் கும்பிட்டார்கள். எண் எல்லைக்கோட்டைத் தாண்டி ஓடியது.

திண்டுக்கல் அலுவலகத்தில் இருந்த மேலதிகாரி பிலவேந்திரன் அவள் காதில் மாட்டியிருந்த செவிமணியில் வந்தார். "தினம் ஒரு கும்பிடு போதும் முத்தரசி. காடு பிழைச்சுக்கும்."

அது கும்பிடு இல்லை என்று அவளுக்குத் தெரியும். பாம்பு படமெடுப்பதுபோலத் தன்னைப் பெரிதாகக் காட்டி எதிரியை விரட்டப் பார்க்கிறது, அவ்வளவும் உயிர்ப்பயம். தெரிந்தும் தினமும் டார்ச் அடித்தாள். காடு இருந்தால்தானே தேவாங்கு என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஆனால் மிரண்ட தாய் நெடுநேரம் அசையாமல் கிடந்தது. வேறொரு கிளையில் விட்டுவந்த குட்டி பசியில் வாடி, நாளுக்கு நாள் மெலிந்தது.

ஒருநாள் வெளிச்சம் தாயைத் தப்பிக் குட்டிமீது விழுந்தது. விரல்கடை அளவுக் கைகள் இரண்டையும் அது தலைக்கு மேலே தூக்கியது. யாரிடம் கற்றுக்கொண்டதோ. முத்தரசிக்கு நெஞ்சே ஆறவில்லை. டார்ச்சை அணைத்துவிட்டு, வனக்கண்ணின் ஒலிவாங்கியைத் திறந்தாள்.

"அது கும்பிடலைங்க. பயத்துல கையைத் தூக்குது. நாந்தான் வெளிச்சம் அடிச்சு தினமும் பயமுறுத்தினேன். இனியாவது அதை நிம்மதியா விட்ருவோம்."

மொழிபெயர்ப்பி அதை எல்லா மொழியிலும் சொன்னது. தன்னைத் திட்டுவார்கள், வேலை போகும், ஆனாலும் இருட்டில் தெரிந்த மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவள் நம்பினாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். மன்னித்துவிடு கும்பிடுசாமி என்று எழுதி, அழுது, அதன் நிம்மதிக்காக ஒவ்வொருவராகக் கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன காரியம் பண்ணிட்டே? திரும்பப் பார்க்கச் சொல்லு" என்று பிலவேந்திரன் பதறினார்.

அவள் சொன்னாள், கெஞ்சினாள். கேட்பதற்கு அங்கே யாரும் இல்லை. எண்பலகை ஒன்று என்று காட்டியது. பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒன்றும் அவளுடைய கைப்பலகைதான்.

வாரம் முடிந்த அந்தியில், வயிற்றோடு ஒட்டிக்கொண்ட குட்டியைச் சுமந்துகொண்டு தாய் கொடிப்பாலத்தில் நடந்தது. மிரளாமல், தன் போக்கில், அடிமேல் அடி வைத்து. பார்க்கப் பார்க்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது, அழுகையும் வந்தது. அப்போது சூரியத்தகடு ஏற்றிய லாரிகள் வளைவில் திரும்பின. வெளிச்சம் பாலத்தில் விழுந்ததும் தாய் நடுவழியில் உறைந்து நின்றது.

முத்தரசி பாதையின் நடுவே ஓடினாள். கண்கூசும் அந்த வெளிச்சம் முழுதும் அவள்மீது விழுந்தது. கைகள் இரண்டும் தாமாகத் தலைக்கு மேலே போயின.

முன் லாரியின் ஓட்டுநர் மரியாதை தெரிந்தவர். பதிலுக்கு ஒரு கையைத் தூக்கிக் கும்பிட்டுவிட்டு, அவளைச் சுற்றி வண்டியை மலைமேல் ஓட்டிக்கொண்டு போனார்.