ஆள் இல்லாத வீட்டில் ஐந்து பேர்

"என் வீட்டுல ஆளே இல்லையாம்! அஞ்சு உசுரு குடியிருக்கு, ஆளே இல்லையாம்!"

வீட்டுக்காரம்மா வந்து உட்கார்ந்த வேகத்தில் நாற்காலி அதிர்ந்தது. காப்பீட்டு ஆய்வாளர் வந்து பார்த்து, வீடு பூட்டிக் கிடக்கிறது என்று எழுதிவிட்டதால், அவருடைய வாடகை வீட்டின் காப்பீட்டை நிறுவனம் ரத்து செய்துவிட்டது. காப்பீடு இல்லையென்றால் வீட்டுக் கடனை மொத்தமாகக் கட்டு, இல்லாவிட்டால் ஏலம் என்று வங்கி கழுத்தைப் பிடிக்கிறது. காலமான கணவர் விட்டுப்போனது அந்த ஒரு வீடுதான்.

"குடியிருக்கிறவங்களைக் கூட்டிட்டுப் போய்க் காட்டினீங்களா?" என்றார் துப்பறிவாளர். ஊரில் அவருக்கு 'நிதானம்' என்றே பெயர்.

"காட்டினேன். 'நேத்து குடிவெச்சிருப்பீங்க'ங்கறாங்க! கொழுந்தன்தான் பாவம், பாதி விலைக்காவது தானே வாங்கிக்கறேன்னான்."

"அந்த ஆய்வாளர் வீட்டுப் படியே ஏறியிருக்க மாட்டான், அத்தான்! நறுக்குனு நாலு கேள்வி கேட்டா போதும்" என்று குதித்தாள் நிதானத்தின் மச்சினி. துப்பு வேலையில் அவள்தான் அவருக்குத் துணை.

அன்றே மூவரும் போய்ப் பார்த்தார்கள். வீட்டுக்காரம்மாவின் மாமனார் தன் இரண்டு மகன்களுக்கும் ஒட்டிக் கட்டிய இரட்டை வீடுகள், நடுச்சுவர் பொது. கொழுந்தனின் பங்கு பூட்டிக் கிடந்தது. நிதானம் இரண்டு வாசலிலும் கதவெண் பலகையைப் பார்த்தபடி நின்றார். பலகைகள் துருவேறியிருந்தன, திருகாணிகள் மட்டும் பளபளத்தன. வாடகை வீட்டுக்குள் தையல்காரர் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தார். இடப்பக்கச் சமையலறையில் அவர் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆள் இல்லாத வீடாம்! பார்க்கிற யாருக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மறுநாள் ஆய்வாளரையும், இரும்புக்கடை வைத்திருக்கும் கொழுந்தனையும் அங்கே வரவழைத்தார். ஆய்வாளரை வாடகை வீட்டு வாசலிலேயே நிறுத்தி, "அன்னிக்கு என்ன பாத்தீங்க?" என்றார்.

"வீடு காலின்னு போன் வந்துச்சு. கதவெண்ணைச் சரிபாத்துட்டுத்தான் நுழைஞ்சேன். வலது பக்கம் சமையலறை, குழாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. நான் பொய் சொல்ற ஆளில்ல சார்."

"கதவைத் திறந்துவிட்டது?"

"இவர்தான். போன் பண்ணதும் இவர்தான்" என்று கொழுந்தனைக் கைகாட்டினார்.

"நீங்க பொய் சொல்லல. உள்ள வாங்க."

ஆய்வாளர் நுழைந்து வலப்பக்கம் திரும்பினார். அங்கே வெறும் ஜன்னல்தான் இருந்தது.

"ஒரே குழாய் ரெண்டு சமையலறைக்கும் போகணும்னு நடுச்சுவரை ஒட்டிக் கட்டியிருக்காங்க. அதனால இங்க இடது, அங்க வலது. நீங்க பாத்தது பக்கத்து வீடு."

"அப்போ கதவெண், அத்தான்?" என்றாள் மச்சினி.

"ரெண்டு வாசல் பலகையையும் இவரு மாத்தி மாட்டியிருக்காரு. வேலை முடிஞ்சதும் பழையபடி மாட்டினாரு. ஆனா துருப்பிடிச்ச ஸ்க்ரூவைத் திரும்பப் போட இரும்புக்கடைக்காரருக்கு மனசு வரல. கடையிலேருந்து புதுசு கொண்டுவந்துட்டாரு."

கொழுந்தன் முகம் செத்துப்போனது. "அண்ணன் சொத்து வெளியாளுக்குப் போயிடக் கூடாதேன்னுதான், அண்ணி..."

"நான் வெளியாளா? பெத்த பிள்ளை மாதிரி உனக்குக் கல்யாணம் பண்ணி வெச்சவடா நான்!"

"ரத்தை இன்னிக்கே நீக்கிடறேம்மா. பேங்குக்கும் நானே சொல்லிடறேன்" என்றார் ஆய்வாளர், தலை நிமிராமல்.

வீட்டுக்காரம்மா அவர் பக்கம் திரும்பவேயில்லை.

"அந்த ஸ்க்ரூ உன் கடைச் சரக்குதானே? கழட்டி எடுத்துட்டுப் போ. உன்னோட துரும்புகூட என் கதவுல இருக்கக் கூடாது."

தையல்காரர் எழுந்தார். மிஷின் பெட்டியிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து கொழுந்தனிடம் நீட்டினார்.