வெற்றுக் கண்ணாடியில் ஒரு கண்

புகாரைத் தீர்க்கத்தான் அந்த ஆய்வகத்துக்குப் போனேன். மைக்ராஸ்கோப் படங்களில் கெட்ட செல்களைத் தேடும் மென்பொருளை அவர்களுக்கு விற்றவன் நான். எல்லாப் படத்திலும் ஏதோ கறை விழுகிறதாம். என் மச்சானின் கழுத்துக் கட்டியிலிருந்து எடுத்த சதையும் அன்று அங்கேதான் சோதனைக்கு வந்திருந்தது.

பழைய கட்டடம். திரை போட்ட அறையில் பகலிலும் இருட்டு. ஸ்பிரிட் வாடை.

"கறை இல்ல சார், கண்ணு" என்றார் லேப் அக்கா.

கணினியில் பார்த்தேன். மங்கலாக, இமைமயிரோடு, கண்ணேதான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. வேலை தொடங்குமுன் சதை வைக்காத வெறும் கண்ணாடித் துண்டைப் படமெடுப்பார்கள். லென்ஸ் தூசி தெரியாமலிருக்க, மற்ற படங்களிலிருந்து அதைக் கணினி கழித்துவிடும். அந்த வெற்றுப் படத்தில் ஏதாவது விழுந்திருந்தால், எல்லாப் படத்திலும் அதன் நிழல் நிற்கும்.

"படம் எடுக்கறப்ப நீங்க மைக்ராஸ்கோப் குழாயில கண்ண வச்சு எட்டிப் பாத்திருக்கீங்க. மிஷின் வந்தா வேலை போயிடும்னு விளையாட்டா, அக்கா?"

"நான் பாக்கல. இங்க இருந்த வயசான பெரிய டாக்டர் அந்த ஸ்டூல்ல உக்காந்தபடியே செத்துப்போனாரு. மிஷினை நம்பாதேன்னு சொல்லிட்டே இருப்பாரு."

இதைவிட உருக்கமான கதை சொல்லித் தள்ளுபடி கேட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அக்காவைக் கதவோரம் உட்காரவைத்தேன். எட்டிப் பார்க்கும் குழாய்கள் இரண்டையும் கறுப்பு மூடியால் அடைத்தேன். புதிதாக வெற்றுப் படம் எடுத்தேன்.

சுத்தம்.

மச்சானின் சதையை வைத்தேன். 'கெட்ட செல் இல்லை' என்றது கணினி. மனைவிக்குச் சொல்ல போனை எடுத்தேன்.

"சார்..."

கண் வந்திருந்தது.

வெற்றுப் படத்தைத் திறந்து பார்த்தேன். அதில் இல்லை. மச்சானின் படத்தில் மட்டும்.

அது எங்களைப் பார்க்கவில்லை. கருவிழி படத்தின் ஓரத்துக்குத் திரும்பியிருந்தது.

ஓரம். விளிம்பில் வெட்டுப்பட்ட செல்களை விட்டுவிடு என்று மென்பொருளுக்குச் சொல்லிவைத்தது நான்தான். அரைச் செல் கணக்கைக் கெடுக்கும் என்று.

கண்ணாடியைச் சற்றே நகர்த்தினேன்.

கெட்ட செல்கள் கறுத்து, கோணிப்போய், கும்பலாக இருந்தன.

"இப்பவாவது தெரிஞ்சுதே. வைத்தியம் பாத்துக்கலாம் சார்" என்றார் அக்கா, கதவோரத்திலிருந்தே.

என் கண்ணாலேயே பார்த்துவிடலாம் என்று ஒரு மூடியைக் கழற்றினேன். உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. ஈரத்தில் ஓர் இமைமயிர் ஒட்டியிருந்தது.

அக்காவின் இமைகளைப் பார்த்தேன். கறுப்பு. என்னுடையதும் கறுப்புதான்.

அது நரைத்திருந்தது.